சத்திரமும் சிறப்புக்கூடமும்

விமான நிலையத்தைப்போல் மனித சமத்துவத்தை நினைவூட்டும் இடமும் இல்லை. அதைப்போல் அச்சமத்துவத்தைப் பொய்யாக்கும் இடமும் இல்லை. ஒரே கூரையின்கீழ் எல்லாரும் நிற்கிறோம். ஒரே ஒலிபெருக்கி எல்லாரையும் அழைக்கிறது. ஆயினும் வாசலில் கால் வைத்த கணமே பயணி தரம் பிரிக்கப்படுகிறான். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவருக்குத் தனி முகப்பு, தனி வரிசை, மெத்தை நாற்காலியும் விருந்தும் காத்திருக்கும் ‘லவுஞ்ச்’ என்னும் சிறப்புக்கூடம். விமானத்தில் முதலில் ஏறவும், இறங்கும்போது முதலில் இறங்கவும் உரிமை. இணைப்பு விமானம் தவறிவிடுமோ என்னும் கவலைகூட அவருக்கு இல்லை. அவருக்காக ஓர் ஊழியர் பெயர்ப்பலகையோடு காத்து நிற்பார்.

இது நேற்று முளைத்த வழக்கம் அன்று. 1939-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் சிறப்புப் பயணிகளுக்கென்று ஒரு கூடத்தைத் திறந்தது. 2004-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுஃப்தான்சா நிறுவனம் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்றே தனிக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. அங்கேயே உணவு, அங்கேயே குளியல், அங்கேயே பாதுகாப்புச் சோதனை, அங்கேயே கடவுச்சீட்டுச் சோதனை. அதன்பின் சொகுசுக் கார் ஒன்று பயணியை விமானத்தருகிலேயே கொண்டுபோய் விடும். பிற மனிதர் முகத்தில் விழிக்காமலேயே ஒருவர் ஒரு நாட்டின் எல்லையைக் கடந்துவிட முடியும்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வணிகன் விற்கும் மெத்தையின்மீது நமக்கு வழக்கு இல்லை. கூடுதலாகப் பணம் கொடுத்தவர் அகலமான இருக்கையில் கால் நீட்டி உறங்கட்டும்; சிறப்புக்கூடத்தில் வயிறார உண்ணட்டும். அது அவருக்கும் விமான நிறுவனத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல். நமது வழக்கு வேறிடத்தில் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் முத்திரை இடும் அதிகாரி விமான நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவர் அரசின் கை; மக்கள் அனைவரின் வரிப்பணத்தில் ஊதியம் பெறுபவர். அந்தக் கையை ஒரு விமானச் சீட்டின் விலை எப்படி வேகப்படுத்தலாம்? இலண்டன் ஹீத்ரோ முதலாகப் பல பெரிய விமான நிலையங்களில் உயர் வகுப்புப் பயணிகளுக்குக் கடவுச்சீட்டுச் சோதனையிலும் விரைவு வரிசை உண்டு. நீதிமன்றத்தில் அதிகக் கட்டணம் கட்டியவரின் வழக்கை முதலில் விசாரித்தால் நாம் பொறுப்போமா? எல்லைக் காவலில் மட்டும் ஏன் பொறுக்கிறோம்?

வரிசை நீளமாயிருப்பதால் விரைவு வழி தேவைப்படுகிறது என்பர் சிலர். தேவைதான். அதை நேர்மையாகச் செய்யவும் வழி உண்டு. ‘நம்பகமான பயணி’ என்னும் திட்டத்தை இந்திய அரசு 2024 ஜூனில் தில்லியிலும், 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட வேறு ஏழு விமான நிலையங்களிலும் தொடங்கியது. முன்பதிவு செய்து, விரல்ரேகையும் முகப்பதிவும் தந்த இந்தியக் குடிமக்கள் தானியங்கிக் கதவு வழியே விரைந்து செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை; பயணச்சீட்டின் வகுப்பும் கேட்கப்படுவதில்லை. இத்தகைய விரைவை வரவேற்போம். அரசின் வாசலில் விரைவு என்பது குடிமகனின் உரிமையாக இருக்கலாம். விற்பனைச் சரக்காக இருத்தல் ஆகாது.

ஆனால் விரைவு வரிசை ஒரு பக்கம் என்றால், தடை வரிசை மறுபக்கம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் வழியே வந்த முறை இது: பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்னும் குறிப்பு அவர் கடவுச்சீட்டில் இருக்கும், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியும் பெறவேண்டும். ஏமாற்றும் தரகர்களிடமிருந்து ஏழைத் தொழிலாளியைக் காப்பதே இதன் நோக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலக்குப் பெறுவோர் பட்டியலைப் பாருங்கள்: வருமானவரி கட்டுபவருக்கு அந்தச் சோதனை இல்லை! பணம் உள்ளவன் ஏமாறமாட்டான், ஏமாந்தாலும் தாங்கிக்கொள்வான் என்பது இதன் உட்பொருள் போலும். 2018 ஜனவரியில் நடுவணரசு இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தொழிலாளர்களின் கடவுச்சீட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை இடப்போவதாக அறிவித்தது. அயல்நாட்டு அதிகாரி தொலைவிலிருந்தே இவன் படிக்காதவன் என்று கண்டுகொள்ளும்படி ஓர் அடையாளம்! கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாத இறுதியிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. நிறம் போயிற்று, அந்த நிறத்தை எண்ணிப் பார்த்த மனம் போயிற்றா?

இவற்றையெல்லாம் தொலைதூரச் செய்தி என்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியை எண்ணிப் பாருங்கள். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை; இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகள்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடியே வந்து சேர்ந்த தொழிலாளர்கள். ஆலைகளின் மேலாளர்களும் அயல்நாட்டு வல்லுநர்களும் கொல்கத்தா நெடுஞ்சாலை வழியே சென்னைக்கு விரைந்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, மாலைக்குள் மற்றொரு நாட்டில் இறங்கிவிடுவார்கள். அதே கும்மிடிப்பூண்டியில்தான் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்றும் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. பாராட்டத்தக்க செயல்கள். அவ்வாண்டின் அறிவிப்பின்படி மாநில முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தப் பள்ளிகளிலேயே படித்து, இங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். அவர்கள் விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்க வேண்டும்? வரிசையில் நிற்கவே ஒரு கடவுச்சீட்டு வேண்டுமே! தாங்கள் பார்த்தே இராத இலங்கைக்குச் செல்வதற்குக்கூட அவர்கள் வெளியேறும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்குமுன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1987 ஜூன் 30 அன்று முகாமில் பிறந்த குழந்தை இந்தியன். மறுநாள் அதே குடிசையில் பிறந்த குழந்தை அயலான்! முதல் வகுப்பினரின் உரிமையாவது பல ஆண்டுகளாக மறுக்கப்படாமல் இருந்ததா? அதுவும் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி கிருபாகரன் என்னும் பெண்மணி, இந்தியக் கடவுச்சீட்டுக் கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாட வேண்டியிருந்தது. 2022-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். பிறப்பிலேயே கிடைத்த உரிமையைக் கையில் வாங்க முப்பத்தாறு ஆண்டுகள்! இவ்வளவு நீளமான குடியேற்ற வரிசை உலகில் வேறெங்கு உண்டு?

2003-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று வகைப்படுத்தி, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியையும் அடைத்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சிலருக்குக் கதவைத் திறந்தது. இலங்கையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லது. ஆனால் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது ஒன்று. நீ எங்களவன் என்பது வேறொன்று.

2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணைக்கு வந்தது. அவர் கடும் சட்டமொன்றின்கீழ் தண்டனை பெற்று முடித்தவர். உலகெங்குமுள்ள அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் அன்று என்னும் பொருள்பட நீதிபதி வாய்மொழியாகக் கூறினார். அவ்வழக்கின் நியாயத்தை இங்கே ஆராயவில்லை. ஆனால் ‘சத்திரம்’ என்னும் அச்சொல் நம் செவியில் இன்னும் ஒலிக்கிறது.

அன்பு வாசகரே, சத்திரம் என்பது நமக்கு இழிவான சொல்லா? சென்னையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று ஊர்களே அப்பெயரால் நிற்கின்றன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தம் ஆட்சியுரிமை ஆங்கிலேயர் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1801-இல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களின் அறம் குலையாமல் காக்கப்பட வேண்டும் என்று மன்றாடினார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் அங்கே உணவு உண்டு என்பதையும் எடுத்துரைத்தார். அக்காலச் சத்திரங்களில் சாதிப் பந்தி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து இதுதான்: வழியில் தங்க இடமற்றவனுக்கே வழியோரக் கூரை.

இன்றைய சிறப்புக்கூடம் அக்கருத்தைத் தலைகீழாக்குகிறது. வீடு உள்ளவனுக்கு வழியிலும் ஒரு வீடு. பசியற்றவனுக்கு இலவச விருந்து. வங்கி அட்டை ஒன்றை நீட்டினால் கதவு திறக்கிறது. நாடு சத்திரம் அன்று என்று அகதியிடம் சொல்லுகிற நாம், விமான நிலையத்தில் செல்வனுக்குச் சத்திரம் கட்டி வைத்திருக்கிறோம்!

வரிசையே மறுக்கப்பட்டவர்கள் எவ்வழியே போவார்கள்? 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 ஈழத் தமிழர்கள் ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். இந்திய முகாம்களில் வாழ்ந்தவர்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். நடுக்கடலில் பிடிபட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்திரேலியக் கப்பலிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். அச்செயல் சட்டப்படி சரியே என்று 2015-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. முறையாகத் திரும்புவோருக்கேனும் அமைதி உண்டா? 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழகத்திலிருந்து தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். அவர் செய்த குற்றம்? பல்லாண்டுகளுக்குமுன் போருக்கு அஞ்சித் தப்பியபோது கடவுச்சீட்டுச் சோதனையில் முத்திரை வாங்காமல் போனது!

“ஆவணம் இல்லாதவர்களை எல்லாம் அனுமதித்தால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது?” என்று கேட்பார்கள். முகாமில் வாழ்பவர்களைப்போல் அரசுக்கு நன்கு அறிமுகமான மக்கள் இந்நாட்டில் வேறெவரும் இல்லை. அவர்களின் பெயர், குடும்பம், விரல்ரேகை அனைத்தும் பதிவேட்டில் உள்ளன; குறித்த நாட்களில் தலையெண்ணிப் பார்க்கிறார்கள். நம்பகமான பயணி என்பதற்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? “அகதி உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லையே” என்பார்கள். உண்மை. ஆனால் திபெத்திய அகதிகளுக்கு அடையாளச் சான்றிதழ் என்னும் பயண ஆவணத்தை இதே அரசு வழங்கி வருகிறது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அந்தச் சிறு ஏடே சான்று.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. அரசின் கடவுச்சீட்டு மேசையில் வகுப்பு கூடாது. தொழிலாளியைக் காக்கும் சுமையைத் தொழிலாளியின்மீது ஏற்றாமல், அவனை அனுப்பும் தரகர்மீது ஏற்ற வேண்டும். இந்த மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும், மற்றவர்களுக்குப் பயண ஆவணமும் வழங்க வேண்டும்.

கேட்பதோடு நில்லாமல் செய்யவும் ஒன்று உண்டு. 1987 ஜூலைக்குமுன் இங்கே பிறந்தவர் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மருத்துவமனைக் குறிப்பேடு, பள்ளிப் பதிவேடு, நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடு ஆகியவற்றில் அவர்கள் பெயர் இன்னும் மங்கிய மையில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அப்பக்கங்களைத் தேடி எடுத்து, துணைச் சான்றாக அவர்கள் கையில் கொடுக்க நம்மால் முடியும். அதற்கு முதல் வகுப்புச் சீட்டு தேவையில்லை. ஓய்வுள்ள ஒரு பிற்பகலும், பழைய பதிவேடு இருக்கும் அலமாரியின் சாவியும் போதும்.