சிறுமியர்க்கு ஊசி, தாய்மார்க்கு?

விதி என்று சொல்லிக் குச்சவெளிப் பெண்களின் வாயை அடைக்கும் காலம் மலையேறிவிட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வேர் விதியன்று, வைரசு.

இவ்வுண்மை எளிதில் கிட்டவில்லை. 1911இல் நியூயோர்க்கில் பெய்ற்றன் றவுஸ் என்பார் கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டி, உயிரணு ஒன்றுமற்ற அச்சாற்றினாலேயே வேறு கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கிக் காட்டினார். கோழிக்கு வருவது மனிதனுக்கு வருமோ என்று அலட்சியம் செய்தனர் அறிஞர் பலர். நோபல் பரிசு அவரை அடைந்தது 1966இல்! 1983இல் ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் கருப்பைக் கழுத்துப் புற்றில் பாப்பிலோமா வைரசின் 16ஆம் வகையைக் கண்டனர். 2006இல் தடுப்பூசி பிறந்தது. 2017இல் நம் நாட்டின் ஆறாம் வகுப்புச் சிறுமியரை எட்டியது. வரவேற்கிறோம். அது மலடாக்கும் மருந்தென்று புரளி கிளப்புவோர் தம் பெண் பிள்ளைகளுக்கே பகைவர். (வெற்றிலையும் புகையிலையும் குதப்பி வாயில் புற்றை வளர்ப்போர் வைரசைப் பழிக்க வேண்டாம், அது வேறு கதை.)

ஆனால் தாய்மார்? முன்பே தொற்றிய வைரசை ஊசி அகற்றாது. அவர்களுக்கு வேண்டியது பரிசோதனை. சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கப்பட்டன. பெண்கள் வருவதில்லை, அறியாமை என்று கைவிரிப்பது அதிகார வர்க்கத்தின் பழைய பல்லவி. எவருடைய அறியாமை? திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் அமிலத்தைத் தடவி, வெளுத்த இடத்தைக் கண்ணாலேயே கண்டறிந்தனர். பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏனைய கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. வினாகிரியில் உள்ள அமிலமே அது! திண்டுக்கல் உழவர் மனைவிக்கு இயன்றது குச்சவெளி மீனவர் மனைவிக்கு ஏன் இயலாது?

35 வயதிலும் 45 வயதிலும் பெண்களில் 70 சதவீதத்தினர் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது 2030க்கென உலக சுகாதார நிறுவனம் விதித்த இலக்கு. நோய் முற்றியபின் மகரகமைக்குப் போ என்பது, 250 கிலோமீற்றருக்கு அப்பால் போ என்பதாகும். நாட்கூலியை இழந்து, பிள்ளைகளை அயலாரிடம் விட்டு, மொழி புரியாத வரிசையில் நிற்பவளைக் கேளுங்கள் அந்தத் தூரத்தை.

நாம் கேட்பது சலுகையன்று, கணக்கு. நிலாவெளி முதல் புல்மோட்டை வரை குச்சவெளிப் பிரிவில் 35 வயதுப் பெண்கள் எத்தனை பேர்? பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை பேர்? ஐயத்துக்குரியவள் என்று கண்டபின் சிகிச்சை பெறாமல் வீடு திரும்பியோர் எத்தனை பேர்? சுகாதார அமைச்சு இவ்வெண்களை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடட்டும். மறுமொழி வரும்வரை நாமும் விடோம்.