யார் பணத்தில் டிவிடெண்ட்?

காலை யூனிட் வண்டி மீஞ்சூரைத் தாண்டியதும் பேச்சு பங்குச் சந்தைக்கு வந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிற சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், கணக்கர் என்று பலரிடமும் ஒரு டீமேட் கணக்கு இருக்கிறது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். "வருஷா வருஷம் டிவிடெண்ட் குடுக்குறானா பாருங்க. குடுத்தா நல்ல கம்பெனி. பைபேக் அறிவிச்சா கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

இது தவறு. சின்னக் கம்பெனிகள் விஷயத்தில் ஆபத்தான தவறு. நானும் பல வருடம் இதை நம்பினேன். பட்டறைக் கணக்கு மேசைதான் என் கண்ணைத் திறந்தது.

சிப்காட் ஓரத்தில் நாலு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் உள்ள பட்டறைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ரோலிங் மில்களுக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் செய்து கொடுக்கிற பட்டறை. வாடிக்கையாளர்களில் ஒன்று சந்தையில் பட்டியலான ஒரு சிறிய இரும்புக் கம்பெனி. தெரிந்த கம்பெனியாயிற்றே என்று அதில் 200 பங்கு வாங்கி வைத்திருந்தேன். ஒரு வருடம் அவர்கள் எங்களுக்குத் தர வேண்டிய மூன்று பில் நின்றுபோனது. மொத்தம் 4,80,000 ரூபாய். மூத்த பில்லுக்கு வயது 112 நாள். போன் செய்தால், "ஃபண்ட் டைட்டா இருக்குண்ணே, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார் அங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கும் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேலே சொல்வதைத்தான் அவர் சொல்கிறார். அந்த பில்களுக்கான ஜி.எஸ்.டி.யை நாங்கள் எப்போதோ கட்டிவிட்டோம். பணம் வந்ததா என்று பார்த்தா வரி கேட்கிறார்கள்?

அந்த நேரத்தில்தான் 20 சதவீத டிவிடெண்ட் அறிவிப்பு வந்தது. முகமதிப்பு 10 ரூபாய், ஆகவே பங்குக்கு 2 ரூபாய். என் கணக்கில் 400 ரூபாய் விழுந்ததாக மெசேஜ் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். முதலாளி கேஷ் கிரெடிட் (சி.சி.) வரம்பைக் கூட்டித் தரச் சொல்லி பேங்குக்குப் போயிருந்தார். லேத் ஓட்டுகிற ஒடிசாப் பையனுக்கு அந்தச் சனிக்கிழமை பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. ஃபண்ட் டைட்டான கம்பெனிக்கு எனக்குக் கொடுக்க 400 ரூபாய் எங்கிருந்து வந்தது?

சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, அறிவித்த டிவிடெண்டை ஐந்து நாளில் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், முப்பது நாளில் பங்குதாரருக்குக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் தெரிந்தே அதற்குத் துணைபோன இயக்குநருக்கு இரண்டு வருடம் வரை சிறை, கம்பெனி 18 சதவீத வட்டியும் கட்ட வேண்டும். எங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் குறு, சிறு நிறுவனங்களின் பணத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது. எழுத்தில் இதுவும் கடுமையானதுதான். ஆனால் அந்த வட்டியைக் கேட்டு மனு போட்ட பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வருமா? அதனால் யாரும் கேட்பதில்லை. பங்குதாரருக்குப் பயந்தாக வேண்டும், லேத்காரரைக் காக்க வைக்கலாம் என்று ஆகிவிட்டது.

பைபேக்கிலும் இதே கதைதான். டெபாசிட், கடன்பத்திரம், டிவிடெண்ட், வங்கித் தவணைக் கடன் ஆகியவற்றில் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கக் கூடாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 70-வது பிரிவு தடுக்கிறது. அந்தப் பட்டியலில் சப்ளையர் பாக்கி இல்லை. ஊரெல்லாம் பில் பாக்கி வைத்துக்கொண்டே ஒரு கம்பெனி பைபேக் அறிவிக்கலாம். அதைத் தன்னம்பிக்கை என்று ரயிலில் நாம் பாராட்டுவோம்.

"லாபத்துலதான குடுக்குறாங்க?" என்பார்கள். லாபம் வேறு, ரொக்கம் வேறு. கற்பனையாக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். விற்பனை 120 கோடி, நிகர லாபம் 6 கோடி. ஆனால் வாடிக்கையாளரிடம் நிற்கும் பாக்கி போன வருடத்தைவிட 5 கோடி கூடியிருக்கிறது, யார்டில் கிடக்கும் ஸ்கிராப்பும் பில்லட்டும் 3 கோடி கூடியிருக்கிறது. தேய்மானம் போன்றவற்றை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். புத்தகத்தில் 6 கோடி லாபம், கல்லாவில் 2 கோடி துண்டு. அதற்கு மேல் 2 கோடி டிவிடெண்ட் என்றால் மொத்தம் 4 கோடியைப் புரட்ட வேண்டும். ஒன்று பேங்க் சி.சி., இல்லையென்றால் பட்டறைக்காரரின் பொறுமை. அந்த 2 கோடியில் 70 சதவீதப் பங்கு வைத்திருக்கும் புரமோட்டர் குடும்பத்துக்கு 1.40 கோடி போகிறது. என்னைப் போன்றவருக்கு 400 ரூபாய். இதைத்தான் சிறு முதலீட்டாளருக்குச் செய்யும் மரியாதை என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

20 சதவீதம் என்று கேட்டதும் எஃப்.டி. வட்டியோடு ஒப்பிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்தச் சதவீதம் முகமதிப்புக்கு. பங்கை 160 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 2 ரூபாய் என்பது ஒன்றே கால் சதவீதம். அதுவும் டிவிடெண்ட் உரிமை நீங்கும் எக்ஸ் தேதி அன்று விலையில் கழிந்துவிடும்.

எங்கள் ஊர்த் தொழிலுக்கு, டிவிடெண்ட் கொடுத்தால் நல்ல கம்பெனி என்ற நம்பிக்கை பொருந்தாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இங்கே இரும்பும் மின்சாரமும்தான் பிரதானம். 2022 ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்தியது. மே 22 முதல் மத்திய அரசு இரும்புப் பொருட்கள் பலவற்றுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது, நவம்பரில் எடுத்தது. செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது. அதோடு ஏறிய நிலைக்கட்டணச் சுமை தாங்காமல் 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் கதவடைத்தன. இப்படி அடிமேல் அடி விழும் தொழிலில் கையிருப்பு ரொக்கம்தான் மூச்சு. பணம் இல்லாதபோது முதலில் தள்ளிப்போவது பராமரிப்பு. ஃபர்னஸ் லைனிங் தேய்ந்த பிறகும் இன்னும் ஒரு வாரம் ஓட்டு என்றால் அதன் பொருள் என்ன என்று உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்குத் தெரியும். அந்த மாதம் டிவிடெண்ட் வாங்கிய நமக்குத் தெரியாது.

ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். லாபக் கணக்கை ஜோடிக்கலாம், டிவிடெண்ட் கைக்கு வருகிற காசு, அதை ஜோடிக்க முடியாது என்பார்கள். காசு உண்மைதான். அது கம்பெனி சம்பாதித்த காசா என்பதுதான் கேள்வி. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வருடந்தோறும் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனி. 2008 டிசம்பரில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்து மேடாஸ் கம்பெனிகளை வாங்கும் திட்டம் முதலீட்டாளர் கோபத்தில் கைவிடப்பட்டதும், அடுத்த இரண்டு நாளில் அவர்கள் சொன்னது பைபேக் பற்றி யோசிக்கப்போகிறோம் என்பது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ராஜுவே எழுதிக்கொடுத்தார். அத்தனை பேர் கவனித்துவந்த பெரிய கம்பெனியிலேயே இப்படி. சந்தை மதிப்பில் முதல் ஆயிரத்துக்குள் வரும் கம்பெனிகள்தான் டிவிடெண்ட் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது செபி. அதற்குக் கீழே இருக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை.

டிவிடெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடனை அடைத்து, சப்ளையருக்கு நாள் தவறாமல் கொடுத்து, லைனிங்கும் கிரேனும் சரியாக இருந்து, அதற்கு மேலும் ரொக்கம் மிஞ்சினால் அது பங்குதாரருடையது. அதைக் கொடுக்காமல் புரமோட்டரின் மச்சான் கம்பெனிக்குக் கடனாகத் தள்ளிவிடுவது இதைவிடப் பெரிய அநியாயம். நான் எதிர்ப்பது, கொடுத்தான் என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு யாருக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்தான் என்று கேட்காமல் விடுவதை.

அதைக் கேட்க வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல், சப்ளையர் பாக்கியை வயது வாரியாகப் பிரித்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்ளதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று கணக்கு விதி மாறியிருக்கிறது. ஆண்டறிக்கையின் பின்பகுதியில், பொடி எழுத்துக் குறிப்புகளுக்கு நடுவே அந்த அட்டவணை இருக்கும். அதையும் ரொக்க ஓட்ட அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

அந்த வருடம் ஆண்டறிக்கை வந்ததும் நான் யூனிட் வண்டியிலேயே கைப்பேசியில் திறந்தேன். முதல் பக்கங்களில் வண்ணத்தில் டிவிடெண்ட். விரலால் தள்ளித் தள்ளிப் போய், கவரைப்பேட்டை வருவதற்குள் அந்த அட்டவணையைக் கண்டுபிடித்துவிட்டேன். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி என்ற வரியில், லட்சக் கணக்கில் சுருக்கி எழுதிய ஒரு எண். எங்கள் 4.80 லட்சம் அதற்குள் இருந்தது.