கடைசி நேரத்தில் ஷாக் வேண்டாமே

ஜிப்மரிலோ சென்னையிலோ நெஞ்சில் கருவி வைத்துக்கொண்டவர்கள் விழுப்புரம், திண்டிவனத்திலும் உண்டு. பேஸ்மேக்கர் துடிப்பைச் சீராக்கும், வலிக்காது. ஐ.சி.டி. அப்படியல்ல. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். நடமாடும் காலத்தில் அது உயிர்காக்கும். பிழைக்க வழியில்லாமல் படுத்தபின் அதே ஷாக் வதைதான்.

ஷாக்கை மட்டும் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வழியே, கத்தி வைக்காமல் நிறுத்திவிடலாம். அதனால் உயிர் உடனே போய்விடாது. போகும் நேரத்தில் உதைக்காது, அவ்வளவே. வீட்டுக்கு அழைத்துவரும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2018-இல் 'லிவிங் வில்'லை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜடெட் அதிகாரியின் அட்டெஸ்டேஷன் போதும். குமாஸ்தாவாக எத்தனையோ அட்டெஸ்டேஷன் பார்த்தவன் நான். இதைவிட உருப்படியானது இல்லை. அதில் ஐ.சி.டி. பற்றி ஒரு வரி எழுதிவையுங்கள். பிள்ளைகள் தலையில் அந்த முடிவைச் சுமத்த வேண்டாம்.