அண்ணன்-தம்பி கம்பெனி: வாய்ப் பேச்சு போதுமா?

தக்கலை கடைத்தெருவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கல்லாவில் இருக்கிறார். தம்பி சரக்கு எடுக்க நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய் வருகிறார். கடை வளர்கிறது, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆகிறது. இருவரும் பங்குதாரர்கள்.

"நமக்குள் எழுத்து எதற்கு?" என்கிறார்கள்.

எழுத்து வேண்டும். ஏன்? சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு குடும்பத்தின் வழக்கு இதோ:

50 பங்குகள்

அது ஒரு சிறிய பிரைவேட் கம்பெனி. மொத்தமே 50 பங்குகள். சகோதரர் இருவருக்கும் ஆளுக்கு 25.

1951-ம் ஆண்டில் அவர்கள் வாய்ப் பேச்சாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரு குடும்பத்துக்கும் பங்கு எப்போதும் சமமாக இருக்க வேண்டும். யாராவது பங்கை விற்க நினைத்தால், முதலில் தன் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் மற்றவர்களுக்கு விற்கலாம்.

காலம் ஓடியது. பிள்ளைகள் தலையெடுத்தார்கள். ஒரு குடும்பத்து மகன், தன் பங்குகளை அடுத்த குடும்பத்தாருக்கு விற்றுவிட்டார். சமம் குலைந்தது. அவருடைய குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள்.

தீர்ப்பு

சென்னை ஐகோர்ட்டு, வழக்குப் போட்டவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1991 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிவிட்டது!

என்ன காரணம்? ஒவ்வொரு கம்பெனிக்கும், பதிவு செய்யும்போது எழுதிக் கொடுக்கும் விதிகள் உண்டு. சகோதரர்கள் பேசிக்கொண்ட கட்டுப்பாடு அந்த விதிகளில் இல்லை. விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது. பங்குதாரர்களையும் கட்டாது என்றது கோர்ட்டு.

நாற்பது ஆண்டுப் பேச்சு நிற்கவில்லை. ரங்கராஜ் - கோபாலகிருஷ்ணன் வழக்கு என்று வக்கீல்கள் இதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

என்ன எழுத வேண்டும்?

யாருக்கு எத்தனை பங்கு? பெரிய செலவுக்கும் கடனுக்கும் யார் யார் சம்மதம் வேண்டும்? ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் வாங்குவது? விலையை எப்படிக் கணக்கிடுவது? ஒருவர் இறந்தால் மனைவி மக்களுக்கு என்ன கிடைக்கும்? தகராறு வந்தால் யார் தீர்த்து வைப்பது?

இவைதான் பங்குதாரர் ஒப்பந்தம். பங்கு விற்பனை பற்றிய கட்டுப்பாட்டைக் கம்பெனி விதிகளிலும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கூட்டுக் கடை என்றால்?

கம்பெனியாகாத கூட்டுக் கடைக்கு 1932-ம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டம் உண்டு. ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் அதிக முதல் போட்டிருந்தாலும் லாபம் சமமாகத்தான் பிரியும். ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டே கலைந்துவிடும். கடன்காரருக்கோ ஒவ்வொரு கூட்டாளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு.

ஆகவே, உறவு நன்றாக இருக்கும்போதே வக்கீலிடம் போய் எழுதிவிடுவது நல்லது. சண்டை வந்த பிறகு, இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள்!