'இருந்தால்' யார் மீது வைக்கப்படுகிறது?

பாடாலூரில் நெடுஞ்சாலையோரம் பேருந்துக்கு நின்றபடியே ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வகை, நடக்க வாய்ப்புள்ளது. இரண்டாவது, இப்போது இல்லாததைக் கற்பனை செய்வது: 'இஃப் ஐ ஹாட் மணி'. 'ஹாட்' இறந்தகாலம் ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். அது போன காலத்தை அல்ல, கையில் இல்லாததைச் சொல்கிறது. தமிழில் இந்த இரண்டுக்கும் 'பணம் இருந்தால்' போதும். மூன்றாவது, நடக்காமலே போய்விட்டது: 'இருந்திருந்தால்'.

இந்த மூன்றாவதற்குப் பயிற்சி வகுப்பில் ஒரு வாக்கியம் தந்தார்கள்: 'அவன் கடுமையாகப் படித்திருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பான்.' நான் நோட்டில் இன்னொன்றை எழுதினேன்: 'நீட் இல்லாதிருந்தால் அனிதா மருத்துவர் ஆகியிருப்பார்.' பக்கத்து மாவட்டமான அரியலூரின் குழுமூர்ப் பெண். 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். அவரைவிடக் கடுமையாக யார் படித்துவிட முடியும்?

இலக்கணப்படி இரண்டு வாக்கியங்களும் சரி. ஆனால் முதலாவது குற்றத்தை மாணவர் மீது வைக்கிறது. இரண்டாவது, வாசலை மறித்த கதவைக் காட்டுகிறது. 'தகுதி' பேசுபவர்கள் நமக்கு முதலாவதை மட்டுமே கற்றுத்தருகிறார்கள்.

வெளிநாட்டுப் படிப்பிலும் இதே கதைதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வரும்வரை பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தருவதோ நிபந்தனையுடன் கூடிய கடிதம். ஆக, உதவித்தொகை கைக்கு வருமுன்பே தேர்வுக் கட்டணத்தை நாம் கட்டியாக வேண்டும். அது 17,000 ரூபாய்க்குக் குறையாது. மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகும் என் அம்மாவிடம் இந்தத் தொகையை எப்படிக் கேட்பது?

1913இல் அம்பேத்கர் கொலம்பியா போனது பரோடா மன்னரின் உதவித்தொகையால். அன்று அது ஒரு மன்னரின் விருப்பம். இன்று அரசின் கடமை. விண்ணப்பிக்கும் முன்பே தேர்வுக் கட்டணத்தையும் பயிற்சியையும் அரசு ஏற்க வேண்டும். இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம்.

தோழர்களே, இலக்கணத்தைக் கற்போம், தேர்வையும் எழுதுவோம். கூடவே, ஒவ்வொரு 'இருந்தால்' வரும்போதும் அந்த நிபந்தனையை வைத்தது யார் என்றும் கேட்போம்.