மாநகர் உலா: வீட்டு வாசலைத் தாண்டி

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, நண்பர் ஒருவரின் குடும்பத்தை வழியனுப்ப ஹௌரா நிலையத்துக்குச் சென்றிருந்தோம். பணியிலிருந்து ஓய்வு பெற்று அவர் திருச்சிக்குக் குடிபெயர்கிறார். மூட்டை முடிச்சுகளை ஏற்றியாயிற்று. வண்டி புறப்படச் சில நிமிடங்களே இருந்தன. அப்பொழுது நண்பரின் மனைவியார் சன்னலருகே நின்ற எம் இல்லத்தரசியிடம், "22 வருஷம் இந்த ஊரிலே இருந்துவிட்டேன், அக்கா. வீட்டையும் லேக் மார்க்கெட்டையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கல்கத்தாவில் என்ன பார்த்தாய் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது.

காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வம்மையார், "சிப்பூரில் பெரிய ஆலமரம் இருக்கிறதாமே, எல்லோருமாக ஒருநாள் போவோமா?" என்று எம்மைக் கேட்டதுண்டு. "பூஜை விடுமுறை கழியட்டும்" என்றோம். பின்னர் வெயில் என்றோம். அதற்கும் பின்னர் மழை என்றோம். அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றவர் நாமே, மறந்தவரும் நாமே.

நேயர்களே, இக்குறை எம் ஒருவருக்கு மட்டும் உரியதா? நம் குடும்பங்களில் ஆடவர் அலுவலகத்தின் பொருட்டேனும் நாற்றிசையும் செல்கின்றனர். பெண்டிரும் முதியோருமோ, கறிவேப்பிலையும் காப்பித்தூளும் கிடைக்கும் நான்கு தெருக்களையே மாநகரம் என்று எண்ணி வாழ்ந்துவிடுகின்றனர். மொழி தெரியாது என்பது ஒரு தடை. உண்பதற்கு என்ன கிடைக்குமோ என்பது மற்றொரு தடை. இரண்டும் நாம் எண்ணும் அளவுக்குப் பெரியவை அல்ல என்பதை அன்று முதல் மாதம் ஒரு நாள் வெளியே சென்று கண்டறிந்து வருகின்றோம்.

முதல் உலாவுக்கு ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். ஞாயிறன்று கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகளுட் பெரும்பாலானவை அடைத்திருக்கும். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறி, மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கிச் சற்றே நடந்தால் அத்தெருவை அடையலாம். அங்குள்ள காப்பி இல்லம், 1876-ல் தோன்றிய ஆல்பர்ட் மண்டபத்தில் 1942-ல் காப்பி வாரியத்தால் திறக்கப்பட்டது. 1958-ல் மூடப்படும் நிலை வந்தபோது பேராசிரியர்கள் முயன்று மீண்டும் திறக்கச் செய்தனர். தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கம் அதனை நடத்துகின்றது. நம் வீட்டு டிக்காக்ஷனின் மணத்தை அங்கே தேடுவோர் ஏமாறுவர். 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பாலில்லாத கறுப்புக் காப்பிதான் வரும். எனினும் உயர்ந்த கூரையின் கீழ், தலைப்பாகை அணிந்த பணியாளர் பரிமாற, ஒரு கோப்பையுடன் நெடுநேரம் அமர்ந்து பேசும் கூட்டத்தைக் காண்பதே ஒரு விருந்து.

எம் மாமியாருக்கு வயது 74. வெளியில் தண்ணீரும் அருந்தாதவர். அவரையும் அன்று வற்புறுத்தி அழைத்துச் சென்றிருந்தோம். வங்காளத்து இனிப்புகள் பாலைத் திரித்துச் செய்யப்படுபவை என்று கேட்டதிலிருந்தே அவருக்கு அவற்றில் ஒவ்வாமை. பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவர். ஹேதுவா அருகில், 1844 முதல் நடந்துவரும் நகூர் கடையில் சந்தேஷ் வாங்கினோம். குளிர்காலமாதலின் புது வெல்லத்தில் செய்தது. "இது என்ன வெல்லம்?" என்றார். ஈச்சமரத்தைக் கீறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுவது என்று விளக்கினோம். "அப்படியானால் நம் பனைவெல்லத்துக்குத் தங்கைதான்" என்று ஒரு துண்டை வாயிலிட்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ராத்திரிக்கும் இரண்டு கட்டிக்கொள்" என்றார்.

சைவ உணவினர்க்கு ஒரு சொல்: 'நிராமிஷ்' என்று கேளுங்கள், கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார். காலையில் பல இனிப்புக் கடைகளில் சுடச்சுடக் கசோரியும் உருளைக்கிழங்குக் கறியும் கிடைக்கும். தேங்காய்த் துண்டுகள் இட்ட கடலைப்பருப்பு நம் நாவுக்கு மிகவும் இணக்கமானது. ஆனால் பருப்பில் மீன்தலை சேர்த்துச் சமைக்கும் வழக்கமும் இங்கு உண்டாதலின், கேட்டே உண்க.

இரண்டாம் உலாவில் சிப்பூர் சென்றோம். எஸ்பிளனேடில் வண்டி மாறினால், 2024 மார்ச்சில் தொடங்கிய மெட்ரோ ஆற்றின் அடியிலேயே ஹௌரா மைதானம் வரை கொண்டு சேர்க்கும். ஆற்றைக் கடக்க ஒரு நிமிடமும் ஆவதில்லை. குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினர். அங்கிருந்து சாலை வழியே தோட்டத்தை அடைந்தோம். 1787-ல் அமைக்கப்பட்ட அத்தோட்டம் இன்று ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆலமரத்துக்கு அகவை 250-க்கு மேல். விழுதுகள் 3,000-க்கு மேல். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரு மரமன்று, ஒரு தோப்பு. பூஞ்சை நோய் பற்றியதால் 1925-ல் அடிமரத்தை அகற்றிவிட்டனர். நடுவில் வெறுமை, சுற்றிலும் விழுதுகள் மண்ணில் வேரூன்றி மரத்தைத் தாங்குகின்றன.

எம் மாமியார் நெடுநேரம் அங்கேயே நின்றார். "பிறந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாடவில்லை பார்" என்றார். கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு மகளுடன் இங்கு வந்தவர் அவர். அதன் பின் அவ்வீட்டைப் பற்றி எம்மிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்றிரவு திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினோம். மரத்தின் படத்தை அனுப்பியதாகவும், வாக்குத் தவறியதற்கு வருந்துவதாகவும் நண்பரின் மனைவியாரிடம் கூறினோம். "இருக்கட்டும் அண்ணா, மரம் எங்கும் போய்விடாது, நான்தான் வந்துவிட்டேன்" என்றார் அவர்.

அடுத்த உலா, அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்கு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் சேர்த்த நூல்கள் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடன் வர விழையும் குடும்பங்கள் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்குமுன் ஒன்று செய்க: வீட்டில் உள்ள மூத்தவரிடமும் இல்லத்தரசியிடமும், இந்நகரில் எதைக் காண அவர்கட்கு ஆசை என்று இன்றே கேட்டு, நாளையும் குறித்துவிடுக.