திராட்சத் தோட்டத்துக் கூலியும் நம்ம வீட்டு பாயியும்

டிஸ்கி: எந்த ஒரு சபையையும் எந்த ஒரு ஐயரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. எல்லாச் சபைகளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உள்குத்து கிடையாது, குத்து நேராகவே இருக்கிறது.

இயேசு சொன்ன உவமைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். கூலிக்கு நிற்கிறவன், கடன் வாங்கினவன், குத்தகைக்காரன், கணக்கில் கைவைத்த உக்கிராணக்காரன், காசைத் தொலைத்துவிட்டு விளக்கேற்றி வீட்டைப் பெருக்குகிற பெண், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன். சந்தையும் வயலும் கடனுமாக இருக்கும். இதையே நம்ம பிரசங்க மேடைக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகிறது? கூலி ரட்சிப்பு ஆகிவிடும். கடன் பாவம் ஆகிவிடும். தோட்டம் ஊழியம் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஆவிக்குரியதாக்கி, கடைசியில் உவமையே ஆவியாகிப் போய்விடும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஒன்றும் உறுத்தாது. எனக்குக் கோபமே அந்த உறுத்தாமையில்தான்.

ஒரே ஒரு உவமையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 20. தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களை அனுப்புகிறார். மறுபடி 9 மணிக்கு, 12 மணிக்கு, 3 மணிக்கு. கடைசியாக 5 மணிக்குப் போனால் அப்போதும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். சாயங்காலம் எல்லோருக்கும் அதே ஒரு பணம். காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் விளக்கம் உங்களுக்கே தெரியும். 5 மணிக்கு வந்தவன் என்றால் மரணப்படுக்கையில் மனந்திரும்பினவன், ஒரு பணம் என்றால் பரலோகம். ஆமென். காணிக்கைப் பை வந்துவிடும்.

அந்த ஒரு பணம் என்ன தெரியுமா? மூலத்தில் தெனாரியம் என்று இருக்கிறது, ரோமர்களின் வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் அது கையில் வந்தால் அடுப்பு எரியும். நம்ம பழைய மொழிபெயர்ப்பில் 'பணம்' என்றே போட்டிருப்பதால், அது ஏதோ ஒரு காசு என்று கடந்து போய்விடுகிறோம். 5 மணிக்கு வந்தவனுக்கு மணிக்கணக்குப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். அவன் வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். தோட்டக்காரர் வேலையை அளக்கவில்லை, அவன் வீட்டு உலையை அளந்தார்.

மும்பையில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சந்தைவெளியைக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பார்க்கிறோமே, லேபர் நாக்கா. கையில் கரண்டியோடு கொத்தனார், பிரஷ்ஷோடு பெயின்டர், வெறுங்கையோடு பிகாரி (நம்ம ஊர்ச் சித்தாள்). கான்ட்ராக்டர் வந்து திடகாத்திரமாக இருக்கிறவனை முதலில் கூட்டிப் போவார். வயசானவர்களும் ஒல்லிப் பிச்சானும் மிச்சம் நிற்பார்கள். 10, 11 மணிக்கும் சிலர் நின்றுகொண்டே இருப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன அண்ணாச்சி ஒருவர் எங்கள் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறார். உவமையில் தோட்டக்காரரும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றுதான் கேட்டார். ஆனால் பதிலைக் கேட்கும் வரைக்கும் அவர் அங்கே நின்றார்.

இன்னொன்று. ஏன் சாயங்காலமே கூலி கொடுத்தார்? அது அவர் தாராள மனசு அல்ல, அவருக்கு அது சட்டம். உபாகமம் 24ல் ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது அடைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19ம் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ல் எழுதுகிறார். இந்த வசனங்கள் தாங்கிய வாக்குத்தத்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை. புது வருஷ ஆராதனையில் அந்த அட்டையை எடுத்தவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் சிரிப்பாக வருகிறது :-)

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். பாயிக்கு (இங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறோம்? நம்ம சம்பளம் 30ம் தேதி கணக்கில் ஏறிவிடும். அவர்களுக்கு 7ம் தேதி, 10ம் தேதி. "சில்லறை இல்லை", "ஏடிஎம் போகணும்", "நாளைக்கு வாங்கிக்கோ". மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் மூன்று நாள் பிடித்தம். நாம் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் போனால்? அதற்கும் சில வீடுகளில் பிடித்தம்! வேலை செய்யவில்லை அல்லவா, பூட்டு நாம் போட்டதாக இருந்தாலும். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுப்பது இந்த ஊரில் பல வீடுகளில் உள்ள வழக்கம். நம்ம ஆட்களில் சிலர் "நாங்க தீபாவளி கொண்டாட மாட்டோம்" என்று பக்தியோடு சொல்லிவிட்டு, கிறிஸ்மஸுக்கு அரைக் கிலோ கேக்கும் ஒரு பழைய சேலையும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். விசுவாசத்தில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்று அப்போஸ்தலர்களுக்கே தெரியாது.

சரி, ஒருவர் மனசு வந்து கூடுதலாகக் கொடுத்தால்? அப்போதுதான் உவமையின் அடுத்த பகுதி நம்ம சொசைட்டியில் நடக்கும். "நீங்க ரேட்டைக் கெடுத்துட்டீங்க. உங்களால எங்க வீட்லயும் கூட கேக்குறா." இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்று காலை ஆட்கள் முறுமுறுத்தார்களே, அதே பேச்சு. யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. பேசின கூலி முழுசாகக் கையில் இருக்கிறது. அடுத்தவனுக்கும் கிடைத்துவிட்டதே என்பதுதான் எரிச்சல்.

இந்த எரிச்சலில் நம்ம மும்பைத் தமிழர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. நம்ம தாத்தாமார் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவித் தோல் பட்டறைகளுக்கு வேலைக்கு வந்தபோது அவர்கள்தான் 5 மணி ஆட்கள். 1966ல் சிவசேனா தொடங்கியபோது முதலில் குறிவைத்தது 'மதராசி'களைத்தான். எங்களுக்கு இருக்கிற வேலையை நேற்று வந்தவன் பறிக்கிறான் என்ற முறுமுறுப்பு நம்மேல் விழுந்தது. 2008ல் வடநாட்டுத் தொழிலாளிகளை இதே மகாராஷ்டிராவில் அடித்து விரட்டியபோது, "இந்தப் பையாக்கள் வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு" என்று நம்ம ஆட்களே பேசினார்கள். இன்றைக்கும் பேசுகிறார்கள். 5 மணி ஆளின் பேரன் காலை ஆள் ஆகிவிட்டான், அவ்வளவுதான்.

"தம்பி, இது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமை, நீங்க கம்யூனிசம் பேசுறீங்க" என்று சொல்வார்கள். பரலோக ராஜ்யத்தைப் பற்றியதுதான், மறுக்கவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதை வருகிறது. கிருபை சீனியாரிட்டி பார்க்காது என்பது சரியான அர்த்தம்தான். ஆனால் கிருபை எப்படி இருக்கும் என்று காட்ட அவர் எடுத்த உதாரணம், ஒரு முதலாளி ஒரு நாள் கூலி கொடுத்த விதம். அந்த முதலாளியை நம் வீட்டில் பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு, கோயிலில் மட்டும் அவர் கடவுளுக்கு உவமை என்று பாடினால் அதற்கு என்ன பெயர்?

வெளியே இருக்கிறவர்கள் இதை நம்மைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். இந்த உவமையில் வரும் ஒரு சொற்றொடரைத் தலைப்பாக வைத்து ஜான் ரஸ்கின் 'அன்டு திஸ் லாஸ்ட்' எழுதினார். இந்தக் கடைசி ஆளுக்கும் என்று பொருள். 1904ல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் ஒரு குஜராத்தி வக்கீல் அதைப் படித்தார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லையாம். அதே வருஷம் ஃபீனிக்ஸில் பண்ணை தொடங்கி, பத்திரிகை வேலையையும் அங்கே கொண்டுபோய், நிறமும் நாடும் பார்க்காமல் தலைக்கு மாதம் மூன்று பவுன் என்று வைத்தார். 1908ல் அந்தப் புத்தகத்தைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது அவர் வைத்த பெயர் சர்வோதயம். நம்ம ஊர்க் கதர்க் கடைப் பலகையில் 'சர்வோதய சங்கம்' என்று இருக்கிறதே, அந்தச் சொல் மத்தேயு 20லிருந்து இப்படிச் சுற்றி வந்தது. காந்தி ஞானஸ்நானம் வாங்கவில்லை. உவமையைக் கேட்டதும் சம்பளப் பட்டியலை மாற்றினார்.

நல்ல சமாரியன் கதையும் அப்படித்தான். அகஸ்டின் காலத்திலேயே சத்திரம் என்றால் சபை, சத்திரக்காரன் என்றால் பவுல் என்று விளக்கம் சொல்லியாகிவிட்டது. இந்தியாவில் சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப் போகிறவரைப் போலீஸும் ஆஸ்பத்திரியும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை 2016ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 'குட் சமாரிட்டன்' பாதுகாப்பு சேர்ந்தது. சட்டப் புத்தகத்துக்குப் புரிந்துவிட்டது. நாம் இன்னும் ஃபிளானல் போர்டில் கழுதைப் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

2020ஐயும் சொல்லாமல் விட முடியாது. மத்தேயு 18ல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் வருகிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருஷம். அவன் கேட்டது தவணைதான், கிடைத்தது முழுத் தள்ளுபடி. வெளியே வந்து நூறு தெனாரியம் பாக்கி வைத்தவன் கழுத்தைப் பிடிக்கிறான். இனி நம்ம கதை. 2020 மார்ச் 27ம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தரலாம் என்றது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டியது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, தள்ளுபடியெல்லாம் இல்லை. ஆனாலும் வீட்டுக் கடன் இருந்த பலர் மூச்சு விட்டோம். வீட்டிலிருந்தே வேலை, முழுச் சம்பளம், ஜூமில் குடும்ப ஜெபம். அதே மாதங்களில் எத்தனை வீடுகளில் பாயிக்குச் சம்பளம் நின்றது? "வரவே இல்லையே, எப்படிக் கொடுக்க?" அவர்களை உள்ளே விடாதபடி கேட்டைப் பூட்டியதே நம்ம சொசைட்டி கமிட்டிதான். லாக்டவுனில் கர்த்தர் எங்களை அதிசயமாக நடத்தினார் என்று சாட்சி சொன்னவர்கள், யாருடைய சம்பளம் மிச்சமானது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தாலந்து உவமை பற்றி இங்கே விரித்துப் பேசவில்லை. இருபது வருஷக் கூலிக்குச் சமமான வெள்ளியை நாம் பாட்டுப் போட்டி ஆக்கிவிட்டோம், அது தனிக் கச்சேரி.

அப்படியானால் என்ன செய்ய என்கிறீர்களா? பெரிய ஊழியம் ஒன்றும் இல்லை. நம்ம சம்பளம் வந்த அன்றைக்கே அவர்கள் சம்பளமும் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. காய்ச்சலுக்குப் பிடித்தம் கிடையாது. நாம் ஊருக்குப் போகும் நாட்களுக்கு முழுச் சம்பளம். தீபாவளிக்கோ கிறிஸ்மஸுக்கோ, கேக் போக, ஒரு மாதச் சம்பளம். இந்த மாநிலத்தில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்க 2008லேயே சட்டம் வந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பாரம் நிரப்பிக் கொடுங்கள். நமக்கு அரை மணி நேர வேலை. ரேட் கெட்டுப் போகும் என்று பக்கத்து ஃபிளாட்டில் சொன்னால், கெடட்டும்.

அடுத்த முறை சபையில் இந்த உவமை வரும்போது ஒரு வேண்டுகோள். நம்ம தமிழ்ச் சபைகளில் பின் வரிசையில், நாலு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருகிற அக்காமார் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் காலை வேலை இருப்பதால் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் பலர் வருவார்கள். ஐயர் பிரசங்கத்தைத் தொடங்குவதற்கு முன்னால், மத்தியானமே வீட்டுக்குப் போகாமல் அந்த ஆள் ஏன் 5 மணி வரைக்கும் அங்கேயே நின்றான் என்று அவர்களில் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.